டைமரை கையில எடுக்கிறதுக்கு முன்னாடி: ஹேண்ட்கன் மேட்ச்சுக்கு சேஃப்டி ஆபீசர் ஆகிறது எப்படி, முழு வழிகாட்டி

என்னோட ப்ராக்டிகல் டெஸ்ட்ல நான் எப்படி கோட்டை விட்டேன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா மொத்த விஷயமும் அதுக்குள்ளயே இருக்கு. ஷூட்டரா நடிச்சவர் இன்னொரு இன்ஸ்ட்ரக்டர். கையில ஃபயரிங் பின் கழட்டின கன், உள்ள மருந்தும் ப்ரைமரும் இல்லாத டம்மி ரவுண்டு. ஸ்டேஜ் (மேட்ச்ல ஒரு சுற்று) முடிஞ்சுது, "இஃப் யூ ஆர் ஃபினிஷ்ட், அன்லோட் அண்ட் ஷோ க்ளியர்"னேன். மேகசினை எடுத்தார், ஸ்லைடை இழுத்து லாக் பண்ணினார், அரை செகண்ட் காட்டினார். நானும் கெத்தா "இஃப் க்ளியர், ஹேமர் டவுன், ஹோல்ஸ்டர்"னு சொல்லிட்டேன். மனுஷன் அசையல. கன்னை கொஞ்சம் சாய்ச்சு திரும்பவும் காட்டினார். சேம்பருக்குள்ள (ரவுண்டு போய் நிக்கிற அறை) பித்தளை பளபளன்னு உக்காந்திருக்கு. ரவுண்டை வெளிய இழுக்கிற எக்ஸ்ட்ராக்டரையும் முன்னாடியே கழட்டி வெச்சிருக்காங்க, அதனால ஸ்லைடு பின்னாடி வந்தாலும் ரவுண்டு வெளிய வராது. அவர் கை அசைஞ்ச அசைவைப் பார்த்துட்டு சேம்பரைப் பார்த்துட்டேன்னு நெனச்சிருக்கேன், அவ்வளவுதான்.

அன்னிக்கு ஃபெயில். இப்ப நான் சொல்லிக்குடுக்கிற ஆளுங்களுக்கும் முதல் நாளே இதே தந்திரத்தைத்தான் பண்றேன், பாதிப் பேருக்கு மேல மாட்டுவாங்க, மாட்டினவங்க யாரும் மறக்க மாட்டாங்க.

முதல்ல இந்த வேலை என்னன்னு தெளிவாகட்டும்

ஓடிக்கிட்டே, திரும்பிக்கிட்டே, ஹோல்ஸ்டர்லேருந்து உருவி சுடற மேட்ச்சைப் பத்திதான் இங்க பேசறோம். ஒரே இடத்துல நின்னு நிதானமா சுடற டார்கெட் ஷூட்டிங் வேற கதை. சேஃப்டி ஆபீசர்னா ஷூட்டர் பக்கத்துலயே டைமரோட நின்னு, கமாண்டு குடுத்து, கன்னை பத்திரமா கையாளறாரான்னு பார்க்கிற ஆள். இந்த வகைக்கு பெரிய அமைப்புன்னா ஐபிஎஸ்சி (இன்டர்நேஷனல் ப்ராக்டிகல் ஷூட்டிங் கான்ஃபெடரேஷன்), 1976ல அமெரிக்காவில மிசௌரி மாநிலம் கொலம்பியாவில ஆரம்பிச்சது, ஜெஃப் கூப்பர்தான் முதல் தலைவர். அமெரிக்காவில அதோட கிளை யுஎஸ்பிஎஸ்ஏ. அப்புறம் 1996ல வந்த ஐடிபிஏ, தற்காப்பு சூழ்நிலை மாதிரி ஸ்டேஜ் வைக்கிறவங்க. ஐடிபிஏல சேஃப்டி ஆபீசர்னு சொல்ற ஆளை மத்த ரெண்டுலயும் ரேஞ்ச் ஆபீசர்னு சொல்வாங்க. பேர்தான் வேற, நிக்கிற இடமும் பார்க்க வேண்டிய பொருளும் ஒண்ணுதான். நான் கீழ ரெண்டு பக்கத்து ரூலையும் கலந்து சொல்வேன், எது யாரோடதுன்னு அங்கங்க குறிச்சிடறேன், ஆனா உங்க மேட்ச் எந்த ரூல்புக்ல நடக்குதோ அதோட லேட்டஸ்ட் எடிஷன்தான் கடைசி வார்த்தை.

படி 1: யாரை எடுக்கறது

கிளப் நடத்துறவங்களுக்கு இது. நல்லா சுடறவனைப் பிடிச்சு எஸ்ஓ (சேஃப்டி ஆபீசர்) ஆக்கிடலாம்னு தோணும், அது தப்பு கணக்கு. டாப் ஷூட்டர் பல பேருக்கு ஒரு பழக்கம் உண்டு, அடுத்தவன் சுடும்போது இவன் மனசுக்குள்ள அந்த ஸ்டேஜை சுட்டுக்கிட்டிருப்பான், கண்ணு தானா டார்கெட்டுக்குப் போயிடும். எனக்கு வேண்டியது நடுத்தரமா சுடறவன், கொஞ்ச நாள் ரெகுலரா மேட்ச்சுக்கு வந்தவன், டார்கெட் ஓட்டைகளை ஒட்டற வேலைக்கு கூப்பிடாமலே எழுந்து போறவன், சண்டைன்னு வந்தா குரல் உசராதவன். ஆனா "ஸ்டாப்"னு கத்தும்போது மட்டும் காது மஃப்பைத் தாண்டி கேக்கிற மாதிரி கத்தணும். மெதுவா பேசறவங்களை நான் காலி ரேஞ்ச்ல நிக்க வெச்சு கத்தவே பயிற்சி குடுத்திருக்கேன், பார்க்க காமெடியா இருக்கும், ஆனா தேவை.

படி 2: ரூல்புக்கை எப்படி படிக்கிறது

முதல் பக்கத்துலேருந்து கதை மாதிரி படிக்காதீங்க, தூக்கம்தான் வரும். ஐபிஎஸ்சி புக்குன்னா நேரா 8ம் அத்தியாயம், அதுலதான் கமாண்டு எல்லாம். அடுத்து 10ம் அத்தியாயம், அதுல 10.4 ஆக்ஸிடென்டல் டிஸ்சார்ஜ் (கன் தவறி வெடிக்கிறது), 10.5 கன்னை ஆபத்தா கையாளறது. அப்புறம் 9, ஸ்கோரிங். 5ல கன் மக்கர் பண்ணினா என்ன செய்யணும்னு வர்ற பகுதி. 11 அப்பீல். மத்ததெல்லாம் பிறகு.

நம்பரோட மனப்பாடம் பண்ணணுமான்னு கேப்பாங்க. தேவையில்லை, ஆனா எந்த ரூல் எந்த இடத்துல இருக்குன்னு ஒரு நிமிஷத்துக்குள்ள விரல் போகணும். டிஸ்குவாலிஃபை (டிக்யூ, மேட்ச்லேருந்து வெளியேத்தறது) ஆகிற விஷயங்கள் மட்டும் விதிவிலக்கு, அது புக்கைப் புரட்டாம வாயில வரணும். ஐபிஎஸ்சில முக்கியமானதைச் சொல்றேன். மசில் (கன்னோட வாய்) பின்தடுப்பு (குண்டைத் தாங்கற மண்மேடு) பக்கத்துலேருந்து 90 டிகிரியைத் தாண்டினா டிக்யூ, ரெண்டு பக்கமும் சேர்த்தா 180, இதைத்தான் எல்லாரும் ஒன் எய்ட்டி உடைச்சிட்டான்னு சொல்றது. சுடற இடத்துலேருந்து 3 மீட்டருக்குள்ள தரையில குண்டு பாய்ஞ்சா டிக்யூ, ஆனா அதுக்குள்ளயே வெச்சிருக்கிற பேப்பர் டார்கெட்டை நோக்கி சுட்டதுன்னா விலக்கு. லோட், ரீலோட், அன்லோட் பண்ணும்போதும், ஜாம் எடுக்கும்போதும், டார்கெட்டை குறி வைக்காம நகரும்போதும் விரல் ட்ரிகர் கார்டுக்குள்ள இருந்தா டிக்யூ. ஸ்டேஜ் நடுவில கன் கீழ விழுந்தா டிக்யூ. ஸ்டீல் டார்கெட்டை 7 மீட்டருக்குக் குறைவான தூரத்துலேருந்து சுட்டா டிக்யூ. யார் உடம்பையாவது மசில் கடந்து போச்சுன்னா, அது தன்னோட உடம்பா இருந்தாலும், டிக்யூ. இதுலயும் ஒரு சின்ன விலக்கு இருக்கு: ஹோல்ஸ்டர்லேருந்து உருவும்போதோ திரும்ப வைக்கும்போதோ பெல்ட்டுக்குக் கீழ சொந்தக் கால் மேல போனா பரவாயில்லை, விரல் தெளிவா வெளிய இருக்கிற வரைக்கும்.

புதுசா வர்றவங்க நிறைய பேர் தடுமாறுற ஒண்ணு சொல்றேன். ஸ்டேஜ் எதுவும் ஓடாத நேரத்துல ஒருத்தரோட காலி கன் பையிலேருந்து நழுவி கீழ விழுது. அது குத்தம் இல்லை. ஆனா அவர் பதறிப்போய் குனிஞ்சு தானே எடுத்தாருன்னா அங்கயே அவரோட மேட்ச் முடிஞ்சுது. விழுந்த கன்னை ஆபீசர்தான் எடுக்கணும், செக் பண்ணி நேரா பையிலயோ ஹோல்ஸ்டர்லயோ வைக்கணும். மனுஷ சுபாவம் குனியறதுதான், அதனால இந்த ரூலை காலை பிரீஃபிங்ல ரெண்டு தடவை சொல்லிடுங்க.

படி 3: கமாண்டு

ஐபிஎஸ்சி வரிசை இது: "லோட் அண்ட் மேக் ரெடி", "ஆர் யூ ரெடி", "ஸ்டாண்ட்பை", பீப். முடிஞ்சதும் "இஃப் யூ ஆர் ஃபினிஷ்ட், அன்லோட் அண்ட் ஷோ க்ளியர்", "இஃப் க்ளியர், ஹேமர் டவுன், ஹோல்ஸ்டர்", "ரேஞ்ச் இஸ் க்ளியர்". இதுக்கெல்லாம் மேல எப்ப வேணும்னாலும் வரக்கூடியது "ஸ்டாப்". ஐடிபிஏல ஆரம்பத்துல ரேஞ்ச் ஹாட், கண்ணும் காதும் மூடியாச்சான்னு கேக்கிற ஒரு வரி கூடுதலா வரும், கடைசி கமாண்டுகள்ல வார்த்தை கொஞ்சம் மாறும்.

வார்த்தையை மாத்தாதீங்க. "ஓகே ப்ரோ ரெடியா, போலாமா" எல்லாம் வேண்டாம். எந்த ஊர்லேருந்து வந்தாலும், எந்த பாஷை பேசினாலும், காது பாதி அடைச்சிருந்தாலும் அந்த ஓசையைக் கேட்டதும் கை தானா அடுத்த வேலையைச் செய்யணும், அதுக்காகத்தான் ஒரே வார்த்தை. "ஆர் யூ ரெடி"க்கு பதில் வராட்டி ரெடின்னு அர்த்தம். "ஸ்டாண்ட்பை" சொல்லி 1லேருந்து 4 செகண்டுக்குள்ள பீப் வரணும். இந்த இடைவெளியை ஒவ்வொரு ஷூட்டருக்கும் ஒரே தாளத்துல வைக்காதீங்க, ரெண்டு பேர் போனதுமே மூணாமவன் எண்ண ஆரம்பிச்சிடுவான்.

படி 4: எங்க நிக்கிறது, எதைப் பார்க்கிறது

பாதி ட்ரெயினிங் இதுலயே போகும், போகட்டும்.

ஷூட்டர் எந்தக் கையில கன் வெச்சிருக்காரோ அந்தப் பக்கம், அவருக்கு கொஞ்சம் பின்னாடி, கை நீட்டினா தோள் எட்டற தூரம். வலது கைக்காரருக்கு வலது பக்கம், இடது கைக்காரர் வந்தா இடது பக்கம் மாறணும். காலையிலேருந்து இருபது பேர் வலது கையில சுட்டுட்டு இருபத்தோராவதா ஒரு இடது கைக்காரர் வந்து நிப்பார், நம்ம கால் பழக்கதோஷத்துல வலது பக்கமே போய் நிக்கும், அவர் உடம்பு கன்னை மறைச்சிடும். அதனால ஷூட்டர் வந்து நின்னதுமே ஹோல்ஸ்டர் எந்த இடுப்புலன்னு பார்க்கிறதை பழக்கமாக்கிக்கோங்க.

கண்ணு எங்க? கன் மேல. குறிப்பா ட்ரிகர் கார்டு, மசில் ரெண்டுலயும். டார்கெட்ல எங்க பட்டுதுன்னு உங்களுக்கு தெரியவே வேண்டாம், அதைப் பார்க்க பின்னாடி இன்னொருத்தர் இருக்கார். ஐடிபிஏல முறையா ரெண்டு பேரா பிரிச்சுக்குவாங்க, டைமர் வெச்சிருக்கிறவர் கன்னைப் பார்ப்பார், இன்னொருத்தர் ஸ்கோரும் ஷூட்டரோட கால் மறைவுக்கு வெளிய வருதாங்கிறதையும் பார்ப்பார். ஸ்டீல் விழற சத்தம் கேட்டா தலை தானா திரும்பும், எனக்கு அதை அடக்கவே மாசக்கணக்கு ஆச்சு.

இதுக்கு ஒரு பயிற்சி: நீல ப்ளாஸ்டிக் ட்ரெயினிங் கன்னை ஒருத்தர்கிட்ட குடுத்து ஸ்டேஜை ஓட விடுங்க, ரகசியமா நாலு தப்பு பண்ணச் சொல்லுங்க, எப்ப, எதுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். ரீலோட்ல விரல் உள்ள, கதவைத் திறக்கும்போது மசில் பின்னாடி, இப்படி. டார்கெட் மேல கலர் கலரா பலூன் கட்டி வையுங்க. ஓடி முடிச்சதும் கத்துக்கிறவர்கிட்ட முதல்ல எத்தனை தப்புன்னு கேளுங்க, அப்புறம் மூணாவது டார்கெட்ல என்ன கலர் பலூன்னு கேளுங்க. பலூன் கலரை கரெக்டா சொல்லிட்டு தப்புல ரெண்டை விட்டவங்கதான் முதல் வாரம் பூரா.

ஸ்டேஜை ஷூட்டருக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை நடந்து பார்க்கணும். எங்க அவர் பின்னாடி வருவார், எங்க நீங்க சுவத்துக்கும் அவருக்கும் நடுவுல மாட்டுவீங்க, எந்த மூலையில ரீலோட் பண்ணினா மசில் 90ஐ நெருங்கும், இதெல்லாம். இடது பக்கம் ஓடற வலது கைக்காரர் ரீலோட் பண்ணும்போது கன் பின்னாடி சாயும், இது எல்லா ஸ்டேஜ்லயும் நடக்கிற கதை, அந்த இடத்துக்கு நீங்க முன்கூட்டியே தயாரா இருக்கணும். பின்வாங்கற ஸ்டேஜ்னா அவர் நகர்றதுக்கு முன்னாடி நீங்க நகர்ந்திருக்கணும், இல்லாட்டி உங்க மேல மோதுவார், மோதினா ரீஷூட் (மறுபடி சுட வாய்ப்பு) குடுக்க வேண்டி வரலாம், தப்பு உங்களோடது.

"ஃபிங்கர்", "மசில்"னு எச்சரிக்கை குடுக்கலாமா? ஐபிஎஸ்சில ஷூட்டருக்கு எந்த உதவியும் பண்ணக்கூடாது, ஆனா சேஃப்டி எச்சரிக்கை எப்பவும் குடுக்கலாம். எல்லைக்குப் பக்கம் போகும்போதே சொல்லுங்க. தாண்டிட்டா எச்சரிக்கைக்கு நேரம் முடிஞ்சுது, "ஸ்டாப்" மட்டும்தான்.

டைமர் பத்தி சின்னதா

டைமரோட மைக் சத்தத்தை வெச்சுத்தான் வேலை செய்யும், கடைசியா கேட்ட வெடிதான் டைம். பக்கத்து பேல (அடுத்த சுடற இடத்துல) சுட்டது பதிவாகலாம், ஸ்லைடு அடிக்கிற சத்தம்கூட சில சமயம் பதிவாகும். கடைசி ஷாட் வரைக்கும் கன் பக்கத்துல வெச்சிருந்துட்டு, அன்லோட் சொல்றதுக்கு முன்னாடி கையை உங்க முதுகுப் பக்கம் கொண்டுபோயிடுங்க. டைமைப் படிக்கிறது ஹோல்ஸ்டர்ல கன் போய் "ரேஞ்ச் இஸ் க்ளியர்" சொன்னதுக்கு அப்புறம்தான். ஷாட் எண்ணிக்கையும் கடைசி ரெண்டு ஷாட்டுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியும் சரியா இருக்கான்னு ஒரு பார்வை பாருங்க. புது ஆளுங்க ஸ்டேஜ் முடிஞ்சதுமே ஸ்க்ரீனைக் குனிஞ்சு பார்ப்பாங்க, அந்த ரெண்டு செகண்ட்லதான் அன்லோட் நடக்கும்.

படி 5: அன்லோட், மறுபடியும் அன்லோட்

ஸ்டேஜ் முடிஞ்ச நிம்மதியில எல்லாரும் தளர்ந்திருக்கிற நேரம் இது. ஷூட்டர் பண்ற வழக்கமான தப்பு, மேகசினை எடுக்காம முதல்ல ஸ்லைடை இழுக்கிறது: சேம்பர்ல இருந்த ரவுண்டு வெளிய குதிக்கும், மேகசின்லேருந்து அடுத்தது உள்ள ஏறும், அப்புறம் மேகசினை எடுத்துட்டு காலின்னு நெனச்சுக்குவார். அந்த வரிசையைக் கண்டாலே உங்க காது நிமிரணும்.

நீங்க பார்க்க வேண்டியது ரெண்டு ஓட்டை. மேகசின் போற ஓட்டை காலியா, சேம்பர் காலியா. வெயில் நேரா கண்ணுல அடிச்சா ஷூட்டரை கன்னை கொஞ்சம் சாய்க்கச் சொல்லலாம், மசில் பின்தடுப்பைப் பார்த்தே இருக்கணும். தெரியலைன்னா "திரும்பக் காட்டுங்க"ன்னு கேக்கிறதுக்கு வெக்கப்படாதீங்க. ரிவால்வர்னா சிலிண்டரைத் திறந்து எல்லா அறையும் காலின்னு காட்டணும். பார்த்ததுக்கு அப்புறம்தான் அடுத்த கமாண்டு. ஹேமர் டவுன் கமாண்டுக்கு ட்ரிகர் இழுத்து வெடிச்சுதுன்னா ஷூட்டருக்கு டிக்யூ, அது ரூல். ஆனா பார்க்காம கமாண்டு குடுத்த உங்களுக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது.

படி 6: கன் மக்கர் பண்ணினா

இதுல உயிர் போற விஷயம் ஸ்க்விப். ரவுண்டுல மருந்து குறைவாவோ இல்லாமலோ இருந்தா "டப்"புனு ஒரு சோப்ளாங்கி சத்தம் வரும், கையில உதறல் இருக்காது, குண்டு பேரல்லயே மாட்டிக்கும். ஷூட்டர் ஓட்டத்துல இருக்கார், பழக்கப்படி மேகசினைத் தட்டி, ஸ்லைடை இழுத்து அடுத்ததை சுடப் பார்ப்பார். சுட்டா மாட்டின குண்டு மேல அடுத்த குண்டு மோதி பேரல் உப்பும், வெடிக்கவும் வெடிக்கும். உங்களுக்கு கிடைக்கிற நேரம் ஸ்லைடை இழுக்கிற நேரம் மட்டும்தான். சந்தேகம் வந்தா "ஸ்டாப்". தப்பா கத்திட்டா என்ன ஆகும்னு பயப்பட வேண்டாம், ஐபிஎஸ்சி ரூல்ல செக் பண்ணி கன்னும் ரவுண்டும் சரியா இருந்தா அவருக்கு ரீஷூட், ஸ்க்விப்தான்னா அதுவரைக்கும் சுட்டது ஸ்கோர். ரெண்டு வழியிலயும் விரல் பத்தும் இருக்கும்.

சாதாரண ஜாம்னா ஷூட்டர் தானே சரி பண்ணட்டும், நீங்க கை வைக்காதீங்க, வாயும் திறக்காதீங்க. 2 நிமிஷத்துல சரியாகலைன்னா அவர் மசிலை பின்தடுப்பு பக்கம் வெச்சுக்கிட்டு உங்ககிட்ட சொல்லணும். உள்ள ரவுண்டு மாட்டின கன்னோட யாரும் ஸ்டேஜை விட்டு ஒரு அடி வெளிய போகக்கூடாது.

படி 7: டிக்யூ சொல்றது

இதைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுவாங்க. காசு செலவு பண்ணி, லீவு போட்டு வந்த மனுஷன்கிட்ட உன் மேட்ச் முடிஞ்சுதுன்னு சொல்றது சுலபமா என்ன?

வரிசை: "ஸ்டாப்". அன்லோட், ஷோ க்ளியர், ஹோல்ஸ்டர், ரேஞ்ச் க்ளியர், எல்லாம் வழக்கம் போல, அவசரமே படாம. கையில லோடட் கன் இருக்கிற ஆளுக்கு கெட்ட செய்தி சொல்லாதீங்க. அப்புறம் கொஞ்சம் ஓரமா கூப்பிட்டு என்ன பார்த்தேன், எந்த ரூல், ரெண்டே வரி. உங்களுக்கு மேல இருக்கிற சீஃப் ரேஞ்ச் ஆபீசரையும் ரேஞ்ச் மாஸ்டரையும் கூப்பிடுங்க. உடனே எழுதி வையுங்க: ஷூட்டர் எங்க நின்னார், எந்த டார்கெட்டுக்கு நடுவுல, கன் எந்தப் பக்கம் பார்த்துது, நீங்க எங்க நின்னீங்க. பத்து நிமிஷம் கழிச்சு எழுதினா ஞாபகத்தோட கற்பனையும் சேர்ந்து வரும்.

பார்த்தாத்தான் சொல்லணும். "பார்த்த மாதிரி இருந்துது", "கூட்டம் ஓ போட்டுது" இதெல்லாம் ஆதாரமே இல்லை. ஐபிஎஸ்சில ஷூட்டர் ஒரு மணி நேரத்துக்குள்ள அப்பீல் பண்ணலாம், ஆனா ஆபீசர் கண்ணால பார்த்த சேஃப்டி தப்பு நடந்துதா இல்லையாங்கிறதையே அப்பீல்ல கேள்வி கேக்க முடியாது. உங்க கண்ணுக்கு அவ்வளவு அதிகாரம் குடுத்திருக்காங்க, அதனாலதான் அந்தக் கண்ணு பலூன் கலரை எண்ணிட்டு இருக்கக்கூடாதுன்னு தலையில அடிச்சுக்கிறேன்.

நண்பன் விஷயத்துல நான் ஒரு தடவை வழுக்கியிருக்கேன். ரீலோட்ல விரல் உள்ள இருந்ததை தெளிவா பார்த்தேன், "ஃபிங்கர்"னு மட்டும் சொல்லி விட்டுட்டேன். அடுத்த ஸ்டேஜ்ல வேற ஆபீசர்கிட்ட அதே ரீலோட்ல அவனுக்கு வெடிச்சுது, குண்டு அவன் காலுக்கு ரெண்டடி தள்ளி மண்ணுல. அன்னிக்கு அவனை டிக்யூ பண்ணினவர்கிட்ட போய் நான்தான் மன்னிப்பு கேட்டேன்.

படி 8: ஸ்கோரிங்

சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா இது பழகினா வந்துடும். ஸ்கோர் சத்தமா சொல்லி முடிக்கிற வரைக்கும் டார்கெட்டை யாரும் தொடக்கூடாது, ஒட்டவும் கூடாது. ஒட்டற ஆர்வக்கோளாறு ஒருத்தர் ஒவ்வொரு ஸ்குவாட்லயும் (சேர்ந்து சுடற குழு) இருப்பார், அவரை முதல்லயே கண்டுபிடிச்சு சொல்லி வையுங்க. ஐடிபிஏல கழிஞ்ச ஒவ்வொரு பாயிண்டுக்கும் 1 செகண்ட் கூடும், ஸ்டேஜ் விதியை மீறினா வர்ற ப்ரொசீஜரல் பெனால்டி 3 செகண்ட், சுடக்கூடாத டார்கெட்ல பட்டா 5 செகண்ட். ஓட்டை கோட்டைத் தொட்டுதா இல்லையான்னு சண்டை வந்தா ஓவர்லே (ஓட்டை மேல வெச்சு அளவு பார்க்கிற தகடு) வெச்சுப் பாருங்க, அப்பவும் ஒத்துக்கலைன்னா மேல கூப்பிடுங்க, நீங்க வாதாட வேண்டாம்.

படி 9: தகுதி எப்படி வாங்கறது

அமைப்போட மெம்பரா இருக்கணும், அவங்க அங்கீகரிச்ச இன்ஸ்ட்ரக்டர் நடத்துற கிளாஸ்ல உக்காரணும், எழுத்து டெஸ்டும் ரேஞ்ச்ல ப்ராக்டிகலும் ரெண்டுமே பாஸ் ஆகணும். யுஎஸ்பிஎஸ்ஏல இந்தப் பயிற்சியை என்ஆர்ஓஐ நடத்தும், ஐபிஎஸ்சியோட சர்வதேச ஆபீசர் அமைப்பு ஐஆர்ஓஏ. ஐடிபிஏல எஸ்ஓ இன்ஸ்ட்ரக்டர்னு தனி ஆளுங்க இருக்காங்க. மேல போனா சீஃப், அதுக்கு மேல ஐபிஎஸ்சி பக்கம் ரேஞ்ச் மாஸ்டர்.

சர்டிஃபிகேட் வந்ததும் பெரிய மேட்ச்ல டைமரைத் தூக்கிடாதீங்க. கிளப்புக்கு என் யோசனை, இது எந்த ரூல்புக்லயும் இல்லை, எங்க பழக்கம்: முதல் மேட்ச்ல ஸ்கோர் மட்டும் எழுதணும். ரெண்டாவதுல அனுபவஸ்தர் டைமர் பிடிக்க, இவர் நிழல் மாதிரி பின்னாடியே நடந்து என்ன பார்த்தேன்னு ஒவ்வொரு ரன்னுக்கும் சொல்லணும். மூணாவதுல இவர் கையில டைமர், அனுபவஸ்தர் நிழல். அதுவும் அமைதியான, நாலு வருஷமா சுடற ஷூட்டர்களோட முதல்ல, புது ஷூட்டர்கிட்ட கடைசியா. பல கிளப்ல இது தலைகீழா நடக்குது, அனுபவஸ்தர் தன் ஃப்ரெண்ட்ஸ் ஸ்குவாட்டை எடுத்துக்கிட்டு புதுசா வந்த ஆறு பேரை புது எஸ்ஓ தலையில கட்டிடுவாங்க.

தகுதியை புதுப்பிக்கணும்னா வேலை செஞ்ச மேட்ச் கணக்கு கேப்பாங்க, அதனால தேதி, மேட்ச், எந்த ஸ்டேஜ், எத்தனை ஷூட்டர்னு ஒரு நோட்டுல எழுதி வையுங்க. புது எடிஷன் ரூல்புக் வந்தா மாறின பகுதியை அன்னிக்கே படிங்க, பழைய ரூலை அடிச்சுப் பேசற சீனியரைவிட மேட்ச்சுக்கு தொல்லை வேற இல்லை.

மேட்ச் அன்னிக்கு இடுப்புல என்னென்ன இருக்கணும்னு அடிக்கடி கேக்கிறாங்க: டைமர், அதுக்கு ஒரு ஸ்பேர் பேட்டரி, ஓவர்லே, பேனா ரெண்டு (ஒண்ணு எப்பவும் காணாம போகும்), மழைக்கு ஒரு ப்ளாஸ்டிக் கவர், ஸ்டேஜ் பிரீஃபிங் எழுதின தாள், அதை ஒவ்வொரு ஸ்குவாட்டுக்கும் வார்த்தை மாறாம படிக்கணும். ரத்தக்கசிவை நிறுத்துற டூர்னிகேட் பையில இருந்தா பத்தாது, அதை கட்டத் தெரிஞ்ச ஆள் யாரு, ஆம்புலன்ஸுக்கு போன் பண்றது யாரு, ரேஞ்ச் வாசல்ல நின்னு வழி காட்டறது யாருன்னு காலையிலயே மூணு பேரை நேரா பார்த்து சொல்லி, அவங்க வாயால திரும்பச் சொல்ல வையுங்க.